அசோக் லேலண்ட்: ஆண்டு விற்பனையும் சந்தை வரலாறும்

அசோக் லேலண்ட் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் வணிக வாகன உற்பத்தி நிறுவனம். லாரி, பேருந்து, இலகுரகச் சரக்கு வாகனம், இராணுவ வாகனம், இயந்திரம் ஆகியவற்றைத் தயாரிக்கிறது. இந்தியாவின் நடுத்தர, கனரக வணிக வாகனச் சந்தையில் டாட்டா மோட்டார்ஸுக்கு அடுத்த இடத்தில் உள்ளது. இந்நிறுவனத்தின் ஆண்டு விற்பனை சீராக வளர்ந்ததில்லை. சில ஆண்டுகள் வேகமாக ஏறுவதும், பின் ஓரிரு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ சரிவதும் அதன் வரலாற்றில் திரும்பத் திரும்ப நிகழ்ந்துள்ளன. அந்த ஏற்ற இறக்கங்களையும் அவற்றின் காரணங்களையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

தோற்றம்

இரகுநந்தன் சரண் 1948 செப்டம்பர் 7 அன்று அசோக் மோட்டார்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். தன் மகன் அசோக்கின் பெயரை அதற்குச் சூட்டினார். இங்கிலாந்தின் ஆஸ்டின் கார்களைப் பொருத்தி விற்பதே தொடக்கத் தொழில். ஆலை சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அமைந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்குக் கார்களைவிட லாரிகளும் பேருந்துகளும் அதிகம் தேவைப்படும் என்று கருதிய சரண், இங்கிலாந்தின் லேலண்ட் மோட்டார்ஸுடன் பேச்சு நடத்தினார். அது முழுமை பெறும் முன் விமான விபத்தில் இறந்தார். 1955இல் லேலண்ட் நிறுவனம் பங்கு முதலீடு செய்தது. நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1954இல், ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கூட்டுறவுடன் லாரி உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு இந்தியக் கனரக வாகனச் சந்தை பெரும்பாலும் இவ்விரு நிறுவனங்களின் களமாகவே இருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் டாட்டாவும், தெற்கில் லேலண்டும் வலுவாக இருந்தன. தமிழகத்தின் அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் லேலண்ட் பேருந்துகளே மிகுதி. தொழில் உரிம முறை நிலவிய அக்காலத்தில் எத்தனை வண்டிகள் விற்க முடியும் என்பதைவிட எத்தனை வண்டிகள் தயாரிக்க அனுமதி உண்டு என்பதே முதன்மையான கேள்வியாக இருந்தது.

ஓசூர் ஆலை 1980இல் தொடங்கப்பட்டது. பின்னர் மகாராட்டிரத்தின் பண்டாராவிலும் இராஜஸ்தானின் ஆல்வாரிலும் ஆலைகள் வந்தன. 1987இல் வெளிநாட்டுப் பங்குகளை இந்துஜா குழுமமும் இத்தாலியின் இவெகோ நிறுவனமும் சேர்ந்து வாங்கின. 2007இல் இவெகோவின் பங்கையும் இந்துஜா குழுமம் பெற்றது.

விற்பனைக் கணக்கின் தன்மை

நிறுவனத்தின் விற்பனை எண்ணிக்கை ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டுக்குக் கணக்கிடப்படுகிறது. மாதக் கணக்கு அடுத்த மாதத் தொடக்கத்தில் வெளியாகும். இந்த எண்ணிக்கை ஆலையிலிருந்து முகவர்களுக்கு அனுப்பப்பட்ட வண்டிகளைக் குறிக்கும். வாங்கியவர் பெயரில் பதிவான வண்டிகளின் எண்ணிக்கை வேறு. முகவர்களின் கிடங்கில் வண்டிகள் தேங்கும்போது இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தோன்றும்.

லாரி ஒரு முதலீட்டுப் பொருள். சரக்கு ஏற்ற ஆளிருந்து, வாடகை கட்டுப்படியாகி, கடனும் கிடைத்தால்தான் உரிமையாளர் புதிய லாரி வாங்குவார். சிமெண்டு, நிலக்கரி, இரும்பு, மணல் ஆகியவற்றின் போக்குவரத்து சற்றுக் குறைந்தாலும் இருக்கிற லாரிகளே போதுமானதாகிவிடும். பழைய வண்டியை இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓட்டலாம் என்று நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஆயிரக்கணக்கான உரிமையாளர்கள் ஒரே நேரத்தில் முடிவெடுப்பார்கள். பொருளாதாரம் சில விழுக்காடு தளர்ந்தால் லாரி விற்பனை பல மடங்கு வேகமாகச் சரிவது இதனால்தான்.

சாலைகளும் முதல் பெரிய ஏற்றமும்

2000ஆம் ஆண்டுக்குப் பின் தங்க நாற்கரச் சாலைத் திட்டம் நெடுஞ்சாலைகளை மாற்றியது. 2005 நவம்பரில் லாரிகளில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றுவதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே சரக்கைக் கொண்டு செல்லக் கூடுதல் லாரிகளும் பல அச்சு கொண்ட பெரிய லாரிகளும் தேவைப்பட்டன. 2006-07இலும் 2007-08இலும் நிறுவனம் ஆண்டுக்குச் சுமார் 83,000 வண்டிகளை விற்றது.

2008 செப்டம்பரில் உலக நிதி நெருக்கடி வெடித்ததும் வண்டிக் கடன் நின்றது. 2008-09இல் விற்பனை சுமார் 54,000ஆகக் குறைந்தது. ஒரே ஆண்டில் 35 விழுக்காடு சரிவு. 2008 இறுதியில் ஆலைகளில் வேலை வாரத்துக்கு மூன்று நாட்களாகக் குறைக்கப்பட்டது. நடுவண் அரசு கலால் வரியைக் குறைத்தது. புதிய வணிக வாகனங்களுக்கு 50 விழுக்காடு தேய்மானக் கழிவை அனுமதித்தது. நகரப் பேருந்துகள் வாங்க மாநிலங்களுக்கு நிதியும் அளித்தது. பேருந்தில் வலுவான அசோக் லேலண்டுக்கு இது துணையானது. 2009-10இல் சுமார் 64,000, 2010-11இல் சுமார் 94,000 என விற்பனை மீண்டது. இடையே 2010இல் உத்தராகண்டின் பந்த்நகரில் வரிச்சலுகையுடன் கூடிய புதிய ஆலை தொடங்கப்பட்டது.

தோஸ்த் மறைத்த சரிவு

2005இல் டாட்டா அறிமுகப்படுத்திய ஏஸ், தமிழகத்தில் 'குட்டி யானை' என்று பெயர் பெற்று, சிறிய சரக்கு வாகனங்களுக்குப் பெரும் சந்தை இருப்பதைக் காட்டியது. அசோக் லேலண்ட் ஜப்பானின் நிசான் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 2011 செப்டம்பரில் தோஸ்த் என்னும் இலகுரக வாகனத்தை வெளியிட்டது. 2011-12இல் ஆண்டு விற்பனை முதன்முறையாக ஒரு இலட்சத்தைத் தாண்டியது. 2012-13இல் 1.14 இலட்சத்தை எட்டியது.

மொத்த எண்ணிக்கை சாதனையாக இருந்தாலும் அதன் உள்ளடக்கம் வேறாக இருந்தது. 2012-13இன் விற்பனையில் சுமார் 35,000 வண்டிகள் தோஸ்த் வகை. நிறுவனத்துக்கு இலாபம் தரும் லாரியும் பேருந்தும் அந்த ஆண்டில் 80,000க்கும் கீழே இறங்கியிருந்தன. சுரங்கத் தடைகள், நின்றுபோன சாலைத் திட்டங்கள், உயர்ந்த வட்டி ஆகியவை கனரக வாகனச் சந்தையை ஏற்கனவே அழுத்தத் தொடங்கியிருந்தன. நிகர இலாபம் 2011-12இல் 566 கோடி ரூபாய். 2012-13இல் 434 கோடி. 2013-14இல் 29 கோடி மட்டுமே. அந்த ஆண்டு மொத்த விற்பனையும் 89,000 அளவுக்குக் குறைந்தது. ஏற்றத்தின்போது புதிய ஆலைக்கும் கூட்டு நிறுவனங்களுக்கும் செய்த முதலீடுகள் இப்போது கடன் சுமையாக நின்றன.

2011இல் மேலாண் இயக்குநராகப் பொறுப்பேற்ற வினோத் தாசரியின் காலத்தில் நிறுவனம் செலவைக் குறைத்தது. தொழிலுக்கு நேரடித் தொடர்பற்ற சொத்துகளை விற்றது. 2014 சூலையில் புதிய பங்குகள் வெளியிட்டு 660 கோடி ரூபாய்க்கும் மேல் திரட்டியது. தென்னிந்தியாவை மட்டும் நம்பியிருப்பதன் இடரை உணர்ந்து வடக்கிலும் கிழக்கிலும் விற்பனை, பழுதுபார்ப்பு மையங்களைப் பெருக்கியது.

உச்சமும் அச்சு எடை விதியும்

2014-15இல் 1.05 இலட்சம், 2015-16இல் 1.40 இலட்சம், 2017-18இல் 1.75 இலட்சம் என விற்பனை ஏறியது. 2018-19இல் 1,97,366 வண்டிகள் விற்றன. அதுவரை எட்டாத உயரம் அது. வருவாய் சுமார் 29,000 கோடி ரூபாயையும் நிகர இலாபம் 1,983 கோடியையும் தொட்டன.

அந்த உச்சத்திலேயே அடுத்த சரிவின் வித்தும் இருந்தது. 2018 சூலையில் நடுவண் அரசு லாரிகளின் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. ஒரு புதிய லாரிகூட வாங்காமல் நாட்டின் சரக்கு ஏற்றும் திறன் கூடிவிட்டது. 2005இன் தீர்ப்பு எப்படி லாரித் தேவையைப் பெருக்கியதோ, அதற்கு நேர்மாறாக இந்த விதி அதைச் சுருக்கியது. 2018 செப்டம்பரில் ஐஎல் அண்டு எஃப்எஸ் நிறுவனம் கடனைத் திருப்பித் தரத் தவறியதும், லாரி உரிமையாளர்களுக்குக் கடன் தரும் வங்கி சாரா நிதி நிறுவனங்களும் முடங்கின.

2019 செப்டம்பரில் நிறுவனத்தின் விற்பனை முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 55 விழுக்காடு குறைந்தது. அம்மாதத்தில் எண்ணூர் ஆலைக்கு 16 நாட்களும் ஓசூருக்கு 5 நாட்களும் பந்த்நகருக்கு 18 நாட்களும் வேலையில்லா நாட்களாக அறிவிக்கப்பட்டன. 2019-20இன் விற்பனை சுமார் 1.25 இலட்சம்.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 உமிழ்வு விதி நடைமுறைக்கு வந்து வண்டி விலையை உயர்த்தியது. அதே நேரத்தில் பெருந்தொற்று ஊரடங்கு. 2020 ஏப்ரலில் ஒரு வண்டிகூட விற்கவில்லை. முந்தைய ஆண்டின் முதல் காலாண்டில் சுமார் 39,600 வண்டிகள் விற்ற நிறுவனம் இப்போது 3,814 மட்டுமே விற்றது. பள்ளிகளும் அலுவலகங்களும் மூடியிருந்ததால் பேருந்துச் சந்தை ஏறக்குறைய மறைந்தது. 2020-21இல் விற்பனை சுமார் ஒரு இலட்சம். இரண்டே ஆண்டுகளில் பாதி. நிறுவனம் 314 கோடி ரூபாய் இழப்பைச் சந்தித்தது.

மீட்சி

2021-22இல் 1.28 இலட்சமும் 2022-23இல் 1.92 இலட்சமும் விற்றன. சாலை, சுரங்கப் பணிகள் கூடியதும், பெருந்தொற்றில் தள்ளிப்போட்ட வாங்குதல்கள் திரும்பியதும் காரணங்கள். 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களை 2023 ஏப்ரல் முதல் விலக்க வேண்டும் என்ற விதி, போக்குவரத்துக் கழகங்களைப் புதிய பேருந்துகள் வாங்கச் செய்தது. தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகங்களிடமிருந்து 2023இல் 1,666 பேருந்துகளுக்கும் அடுத்த ஆண்டில் 2,104 பேருந்துகளுக்கும் ஆணை கிடைத்தது. நடுத்தர, கனரகப் பிரிவில் நிறுவனத்தின் பங்கு 30 விழுக்காட்டுக்குச் சற்று மேலே நிலைத்தது.

2024-25இல் 1,95,093 வண்டிகள் விற்றன. இது 2018-19இன் எண்ணிக்கையைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் வருவாய் சுமார் 38,750 கோடி ரூபாய். நிகர இலாபம் 3,303 கோடி. உதிரிபாகம், இயந்திரம் முதலிய பிற விற்பனைகளையும் சேர்த்த வருவாயை வண்டி எண்ணிக்கையால் வகுத்தால், வண்டி ஒன்றுக்கு 14.7 இலட்சமாக இருந்தது 19.9 இலட்சமாகியுள்ளது. செயல்பாட்டு இலாப விகிதம் 10.8 விழுக்காட்டிலிருந்து 12.7 விழுக்காடானது. புதிய உமிழ்வு விதியால் உயர்ந்த விலை, கூடுதல் எடை தாங்கும் பெரிய லாரிகளின் பெருக்கம், குறைந்த தள்ளுபடி, உதிரிபாகம், இராணுவ வாகனம் ஆகியவற்றின் வருவாய் எல்லாம் இதில் சேர்கின்றன. 2014இல் கடனில் தவித்த நிறுவனத்தின் கையில் 2025 மார்ச் இறுதியில் கடன் போக 4,200 கோடி ரூபாய்க்கும் மேல் இருந்தது.

சுழற்சியின் சுமை

இந்த மீட்சி நிறுவனத்தின் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது. சரிவு ஆண்டுகளின் சுமை அக்கணக்கில் முழுமையாகத் தெரிவதில்லை. ஒரு லாரியின் பாகங்களில் பெரும்பகுதி வெளியிலிருந்து வாங்கப்படுகிறது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் உள்ள சிறு தொழிற்கூடங்கள் வார்ப்பு, கடைசல், அழுத்த வேலைகளைச் செய்கின்றன. நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளில் லாரிகளுக்கும் கரூரில் பேருந்துகளுக்கும் கூண்டு கட்டும் பட்டறைகள் சேஸ் வந்தால்தான் இயங்கும். ஆலை மூடும் நாட்களில் நிரந்தரத் தொழிலாளிக்கு வேலையாவது மிஞ்சும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும் அந்த உறுதி இல்லை.

பெரிய நிறுவனம் குறைந்த எண்ணிக்கையிலும் இலாபம் ஈட்டக் கற்றுக்கொண்டது. பட்டறைக்கு அந்த வழி இல்லை; அதன் கூலி கட்டும் கூண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இலாபம் வண்டிக் கணக்கிலிருந்து பிரிந்து வளர்ந்த ஆறு ஆண்டுகளில், வேலை மட்டும் வண்டிக் கணக்கோடுதான் ஏறி இறங்கியது. மாதத் தொடக்கத்தில் வெளியாகும் விற்பனை எண்ணிக்கையைப் பங்குச்சந்தை எவ்வளவு கூர்ந்து பார்க்கிறதோ, அதே அளவு கரூரும் நாமக்கல்லும் ஓசூரும் கவனிப்பதற்கு இதுவே காரணம்.