ஓடுபாதையை அளந்த கதை

மாரத்தான் ஓட்டத்தை முடித்த இளைஞர் ஒருவர் தம் ஜி.பி.எஸ். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அது 42.6 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. பந்தயத்தின் தூரமோ 42.195 கிலோமீட்டர்தான். பாதையை அளந்தவர்கள் பிழை செய்துவிட்டார்கள் என்று அவர் குறைப்பட்டுக்கொள்கிறார். நேயர்களே, இந்த வழக்கில் நியாயம் யார் பக்கம்?

1896ஆம் ஆண்டில் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானின் தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1908இல் லண்டனில், வின்சர் கோட்டையில் தொடங்கி விளையாட்டரங்கில் அரச குடும்பத்தாரின் இருக்கைக்கு எதிரே முடியுமாறு பாதையை வகுத்தார்கள். அது 26 மைல் 385 கெஜம் ஆயிற்று. 1921இல் அதுவே நிலையான தூரம் என்று விதித்தார்கள். விதித்தது எளிது, வளைந்து நெளியும் சாலையில் அதனை அளப்பதன்றோ அரிது! மோட்டார் காரின் மைல்மீட்டரை நம்பி அளந்தோரும் உண்டு.

இங்கிலாந்தின் ஜான் ஜூவெல் 1961இல் சாலையை அளக்கும் முறைகளைப் பற்றி எழுதினார். ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கரான டெட் கார்பிட் 1964இல் அத்துறையில் ஒரு நூலை வெளியிட்டார். அவர்களால் பரவிய கருவி சாதாரண மிதிவண்டி. எஃகு நாடாவால் அளந்த நேரான சாலைப் பகுதியில் வண்டியை ஓட்டிச் சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது என்று முதலில் கணக்கிடுவார்கள். பின்பு பந்தயப் பாதை முழுவதும், ஓடுபவர் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே ஓட்டுவார்கள். வெயில் ஏற ஏற டயரிலுள்ள காற்று விரியும். ஆதலால் வேலை முடிந்ததும் அதே நேர்ச்சாலையில் மறுபடியும் ஓட்டிச் சரிபார்ப்பார்கள்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். 1981ஆம் ஆண்டு நியூயார்க் மாரத்தானில் ஆல்பர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓடினார். 1969இல் டெரெக் கிளேட்டன் நிறுவிய உலகச் சாதனையைவிட இது 21 விநாடி குறைவு. உலகமே கொண்டாடியது. பின்னர்ப் பாதையை மறுபடி அளந்தபோது சுமார் 148 மீட்டர் குறைந்திருந்தது! அவர் ஓடிய வேகத்தில் அத்தூரத்தைக் கடக்க 27 விநாடி வேண்டும். சாதனை பறிபோயிற்று. ஓடியவர் செய்த குற்றம் யாதொன்றுமில்லை என்பதே இதில் வேதனை. இன்று, பாதை குறைந்துவிடக் கூடாதென்று, ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் வேண்டுமென்றே கூட்டி அமைக்கிறார்கள். மாரத்தானுக்கு அது 42 மீட்டர்.

இனி, கைக்கடிகாரத்தின் வாக்குமூலத்தைக் கேட்போம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் வானொலி அலைகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு அது இடத்தை அறிகிறது. ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு தவறினாலும் கணக்கு 30 சென்டிமீட்டர் பிசகும். உயர்ந்த கட்டடங்களில் அலைகள் மோதித் திரும்பினால் பிழை பெருகும். இவ்வாறு சில மீட்டர் இப்படியும் அப்படியும் விலகிய புள்ளிகளை இணைத்தால், நேர்ச்சாலையும் கோணல்மாணலாகி நீண்டுவிடும். கூர்மையான திருப்பங்களிலோ மூலையை வெட்டிச் சென்று தூரத்தைக் குறைத்துக் காட்டுவதும் உண்டு. போதாக்குறைக்கு, கூட்டத்தில் விலகி விலகி ஓடும் இளைஞரும் குறுகிய வழியில் ஓடுவதில்லை.

ஆகவே அந்த 405 மீட்டரில் 42 மீட்டர் அளந்தவர்கள் அறிந்தே சேர்த்தது. எஞ்சியதில் பெரும்பகுதி கால்களும் கடிகாரமும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியது. கடிகாரத்தின் பங்கை அறிய விரும்பும் மாணவர், 400 மீட்டர் ஓடுகளத்தின் முதல் தடத்தில், உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி 25 சுற்று ஓடட்டும். 10 கிலோமீட்டர் ஆகும். வேறொரு நாளிலும் அவ்வாறே ஓடி, கடிகாரம் காட்டும் இரு எண்களையும் அருகருகே எழுதிப் பார்க்கட்டும்.