சாரலைத் தாங்க வேண்டிய கண்ணாடி

1839-இல் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்தை ஆராய்ந்த ஜெர்மானியர் குஸ்தாவ் ரோசே, லெவ் பெரோவ்ஸ்கி என்ற பிரபுவின் நினைவாக அதற்கு பெரோவ்ஸ்கைட் என்று பெயர் வைத்தார். அது வெறும் கால்சியம் டைட்டனேட். பின்னால் வந்தவர்களுக்கு உதவியது அதன் அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான். 1978-இல் டீட்டர் வெபர் அதே அடுக்கில் ஈயத்தையும் அயோடினையும் ஒரு கரிமப் பொருளையும் அமர்த்தினார். 2009-இல் யோகோஹாமாவில் சுதோமு மியாசகாவின் குழு அதைச் சூரிய மின்கலமாக்கியது. திறன் 3.8 சதவீதம், கலத்துக்குள் இருந்த திரவமே சில நிமிடங்களில் அதைக் கரைத்துவிட்டது. 2012-இல் திரவத்தை விலக்கிப் பத்து சதவீதத்தைத் தொட்டார்கள். இன்று 26-ஐயும் தாண்டியாயிற்று.

கூரையில் வைக்க சிலிக்கான் போதும். பெரோவ்ஸ்கைட் சன்னலுக்குப் போக நினைக்கிறது, சிக்கலும் அங்கேதான். படலத்தை மெலிதாக்கினால் வெளிச்சம் உள்ளே வரும், மின்சாரம் குறையும். புரோமின் கூட்டினால் கண்ணாடி மஞ்சளடிக்கும். பின்பக்கத் தங்கப் பூச்சை எடுத்துவிட்டு ஒளி ஊடுருவும் ஆக்சைடைப் படியவைத்தால், படியும் வேகத்திலேயே கீழுள்ள மென்மையான அடுக்கு காயப்படும். அதனால் இடையில் ஒரு காப்புப் படலம் வேண்டும். மும்பை ஐஐடியில் தினேஷ் கப்ராவின் குழு இப்படி ஒளி ஊடுருவும் கலத்தைச் சிலிக்கானுக்கு மேலே வைத்து 26 சதவீதம் எடுத்திருக்கிறது. 2023-இல் பானசோனிக் ஜப்பானின் புஜிசாவாவில் ஒரு மாதிரி வீட்டு மாடத்தில் பெரோவ்ஸ்கைட் கண்ணாடியைப் பொருத்திப் பார்க்கத் தொடங்கியது.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் புதிதாக எழும்பும் மாடிவீடுகளின் சன்னலுக்கு இந்தக் கண்ணாடி வருமா? ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்றும் சாரலும் சேர்ந்து வரும். மேகம் மூடிய அந்த மங்கலான வெளிச்சத்திலும் இந்தப் பொருள் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஈரம்தான் இதற்கு எமன். நீர் புகுந்தால் படிகம் சிதைந்து மஞ்சள் நிற ஈய அயோடைடு மிஞ்சும். 85 பாகை வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் ஆயிரம் மணிநேரம் தாங்க வேண்டும் என்கிறது சர்வதேசச் சோதனை. அது ஆய்வகப் பெட்டிக்குள் நடப்பது. பகலில் வெயிலும் சாரலும் மாறி மாறி அடிக்கும் ஒரு குற்றால சீசனைச் சட்டத்தோடும் ரப்பர் பட்டையோடும் கடந்துவந்த கண்ணாடியைத்தான் நான் நம்புவேன். திறனில் இன்னும் ஒரு சதவீதம் கூடுவதைவிட அந்த விளிம்பு அடைப்பு எனக்கு முக்கியம்.

ஈயம் சின்ன விஷயமில்லை. உடைந்த சன்னலில் மழை பெய்தால் அது கரைந்து மண்ணுக்கும் குளத்துக்கும் போகும். 2020-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கலத்தின் இருபுறமும் ஈயத்தைப் பிடித்துவைக்கும் படலம் பூசி, உடைத்தும் பார்த்தார்கள். கசிந்ததில் 96 சதவீதத்துக்கு மேல் அதிலேயே தங்கியது. குளத்துத் தண்ணீர் வயலுக்கும் பாயும் ஊரில் மிச்சமுள்ள சொச்சத்துக்கும் அவர்கள் வழி கண்டாக வேண்டும்.