ஒலுவில் முதல் புளியந்தீவு வரை: பார்க்க வேண்டிய கட்டடங்கள்

காரைதீவைச் சேர்ந்த என் பள்ளித் தோழனின் குடும்பம் போர்க்காலத்தில் ஊரைவிட்டுப் போனது. அவனுடைய மகன் ஒல்லாந்தில், டெல்ஃப்ட் என்ற பழைய நகரத்தில் வாழ்கிறான். விடுமுறைக்கு வந்தபோது, "மாமா, இங்க பார்க்கிறதுக்குப் பழைய கட்டடங்கள் என்ன இருக்கு?" என்று கேட்டான்.

தன் ஊரில் வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும் ஒரு சுவரைப் பற்றியும் சொன்னான். ஒல்லாந்தரின் தலைவரான ஒரேஞ்ச் இளவரசர் வில்லியம் 1584 ஜூலை 10ஆம் திகதி அங்குள்ள மாளிகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுவரில் குண்டு பட்ட தடங்களை நானூறு ஆண்டுகள் கடந்தும் பூசி மறைக்காமல் பாதுகாத்து வருகிறார்கள்.

அவனை ஒலுவிலிலிருந்து மட்டக்களப்பு வரை அழைத்துச் சென்றேன். ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம். அக்கரைப்பற்று – மட்டக்களப்பு பஸ்ஸிலேயே பெரும்பாலான இடங்களுக்குப் போகலாம். ஊருக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் அந்த வரிசையிலேயே தருகிறேன்.

ஒலுவில்

பிரதான வீதியில் இறங்கி முச்சக்கரவண்டியில் கடற்கரைக்குப் போனால் வெளிச்சவீடும் துறைமுகமும் தெரியும். வெளிச்சவீடு 1999இல் கட்டப்பட்டது. துறைமுகம் அன்றைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் கனவு. அவர் 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். டென்மார்க்கின் நிதியுதவியுடன் 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி துறைமுகம் திறக்கப்பட்டது. ஆனால் வணிகத் துறைமுகமாக அது இயங்கவில்லை.

இந்தக் கரையில் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு போகும். கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புக் கற்கள் அதை மறித்துவிட்டன. வாயிலில் மணல் அடைத்தது. வடக்கே ஒலுவிலின் தென்னந்தோட்டங்களையும் நிந்தவூர்க் கரையையும் கடல் அரித்தது. கல்லால் கட்டியதெல்லாம் ஊரைக் காக்கும் என்றில்லை என்பதை இங்கே நின்று பார்க்கலாம்.

காரைதீவும் வீரமுனையும்

காரைதீவு, சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்த ஊர். அவருடைய மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு மேற்கே சம்மாந்துறை வீதியில் திரும்பினால் வீரமுனை வரும். அங்குள்ள சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் பழம்பெருமை உள்ளது. 1990 ஓகஸ்ட் 12ஆம் திகதி அந்தக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் ஊர்காவல் படையினரும் அவர்களுடன் வந்தவர்களும் என்று உயிர் தப்பியவர்கள் சொல்கிறார்கள். அந்த ஊர்காவல் படையில் இருந்தவர்கள் என் சமூகத்து ஆட்கள்.

ஒலுவிலிலிருந்து வீரமுனைக்கு அரை மணி நேரம்தான். ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் அங்கே போனதில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ஒரு முதியவர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இரிங்க தம்பி" என்று திண்ணையைக் காட்டினார்.

கல்முனைக்குடி

கடற்கரைப் பள்ளிவாசல் நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக எழுந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இங்கே கொடியேற்ற விழா நடக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி இந்தக் கரையில் மட்டும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. கொடியேற்றம் பின்னரும் தொடர்கிறது. அக்கம்பக்கத்துத் தமிழர்களும் விழாவுக்கு வருவது வழக்கம்.

காத்தான்குடி

1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, வீரமுனைக்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர், இங்கே மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுசைனிய்யா பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர், சிறுவர்கள் உட்பட, இறந்தார்கள். விடுதலைப் புலிகள் மறுத்தாலும், தாக்கியவர்கள் அவர்களே என்பது உயிர் தப்பியவர்களின் சாட்சியம். சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பையன் அதன் முன்னால் நெடுநேரம் நின்றான். "எங்கட ஊர்ச் சுவர் மாதிரியே இருக்கு மாமா. ஆனா இதப்பத்தி அப்பா ஒருநாளும் சொல்லேல்ல" என்றான். வீரமுனையைப் பற்றி என் பிள்ளைகளுக்கு நானும் சொன்னதில்லை.

தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். நிர்வாகத்தினரிடம் கேட்டால் காட்டுவார்கள்.

கல்லடியும் புளியந்தீவும்

கல்லடியில் சிவானந்தா வித்தியாலய வளாகத்தில் விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. அடுத்து 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம். அதைக் கால்நடையாகக் கடப்பது நல்லது.

புளியந்தீவுதான் நம் பக்கத்தில் ஐரோப்பியர் விட்டுச்சென்ற பழைய நகரம். 1602இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்துக் கப்பல் தலைவர் மட்டக்களப்பில்தான் வந்திறங்கினார். 1628இல் போர்த்துக்கேயர் வாவிக்கரையில் கோட்டை கட்டினார்கள். 1638 மே மாதம், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுடன் சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் பிடித்த முதல் கோட்டை இது. 1795இல் ஆங்கிலேயரிடம் போனது. நான்கு மூலைக் கொத்தளங்கள், இரு பக்கம் வாவி, வாயிலுக்கு மேலே ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. அந்தக் கம்பனியின் ஆறு கிளைகளில் ஒன்று டெல்ஃப்டில் இருந்தது. நம் நெடுந்தீவுக்கு 'டெல்ஃப்ட்' என்று பெயர் வைத்ததும் ஒல்லாந்தர்தான். கச்சேரி நீண்ட காலம் இக்கோட்டைக்குள்ளேயே இயங்கியது.

பக்கத்தில் மெதடிஸ்த மத்திய கல்லூரி. வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் தொடங்கிய பள்ளிக்கூடம். மறு ஆண்டே அவர் இங்கே இறந்தார். 1873இல் தோன்றிய புனித மைக்கேல் கல்லூரியையும் நடந்தே பார்க்கலாம்.

புனித மரியாள் பேராலயத்தில் 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையின்போது பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். சீயோன் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த நாளின் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியில் பிறந்தவன். பேராலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. அமைதியாக உள்ளே போய் உட்காரலாம்.

இவற்றைப் பார்க்க இரண்டு நாட்கள் போதும். வழக்கமாக நாம் நம்முடைய இடங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது, இதுவரை இறங்காத ஒரு ஊரிலும் இறங்குங்கள். பையன் திரும்பிப் போன பிறகு, நான் என் மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி வீரமுனைக்குப் போய் வந்தேன்.