வாலில்லாத ஆடு: தேக்காவின் ஆட்டிறைச்சி வந்த வழி

தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி விற்கும் குடும்பத்தில் பிறந்தவர்கள் நாங்கள். பாலிடெக்னிக் படிப்பு முடிந்ததும் அண்ணன் தம்பி இருவரும் அத்தாவின் கடைக்கே திரும்பினோம். முதல் வாரத்திலேயே அத்தா சொன்னார்: "வெள்ளாடா செம்மறியா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்." ஊரில் வாலைப் பார்த்துக் கறி வாங்கிப் பழகியவர் அவர். இங்கே பெட்டியில் உறைந்து வரும் இறைச்சிக்கு வால் ஏது?

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டபோது எங்களுக்கு இந்த வால்தான் நினைவுக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகளாக நம் பெருநாள் பிரியாணியில் இருக்கும் ஆடு எங்கே வளர்ந்தது, அதன் விலை ஏன் இப்படி ஏறியது என்பதும் நம் வரலாற்றில் சேர்ந்ததுதானே!

தொழுவமாக இருந்த இடம்

தேக்கா வட்டாரத்தை மலாய்க்காரர்கள் 'கண்டாங் கெர்பாவ்' என்றார்கள். எருமைத் தொழுவம் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலையில் கால்நடை வணிகம் செழித்தது. தண்ணீரும் புல்லும் அருகிலேயே கிடைத்தன. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். கல்கத்தாவிலிருந்து வந்த கால்நடை வணிகர் பெலிலியோஸின் பெயரிலும் அங்கே ஒரு சாலை உண்டு.

1903இல் சிங்கப்பூர் கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனம் தொடங்கப்பட்டு ஆஸ்திரேலியாவின் உறைந்த இறைச்சியைக் கொண்டுவந்தது. குளிர்பதனக் கப்பல் வந்த பிறகு ஆடு வளரும் ஊரும் உண்ணும் ஊரும் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை என்றானது. பழைய சந்தை 1982இல் சாலைக்கு எதிர்ப்புறம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, நகரத் தொழுவங்கள் பெரியவர்களின் பேச்சில் மட்டுமே இருந்தன.

கம்பளியின் மிச்சம்

நமக்குப் பல காலம் ஆட்டிறைச்சி மலிவாகக் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆஸ்திரேலிய விவசாயி ஆட்டைக் கறிக்காக வளர்க்கவில்லை, கம்பளிக்காக வளர்த்தார். பல ஆண்டுகள் மயிர் கத்தரித்த பிறகு, வயதான ஆடு இறைச்சிக்குப் போனது. வெள்ளைக்காரர்கள் இளங்குட்டி இறைச்சியை விரும்பினார்கள். முற்றிய ஆடு நம் சட்டிக்கு வந்தது. நீண்ட நேரம் கொதிக்கும் நம் குழம்புக்கும் சூப்புக்கும் அதுவே தோதாக இருந்தது.

1990 வாக்கில் ஆஸ்திரேலியாவில் சுமார் 17 கோடி செம்மறிகள் இருந்தன. கம்பளிக்கு வைத்திருந்த அடிப்படை விலை 1991 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. வாங்க ஆளில்லாத ஆடுகளை லட்சக்கணக்கில் சுட்டுப் புதைத்தார்கள். 2010இல் மந்தை 7 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. நியூசிலாந்திலும் அதே கதைதான். 1982இல் 7 கோடியாக இருந்த ஆடுகள் இன்று அதில் பாதிகூட இல்லை. 1984க்குப் பின் அரசு மானியம் நின்றது, மேய்ச்சல் நிலம் பால் பண்ணையாக மாறியது.

மிஞ்சிய மந்தையை இப்போது கறிக்காகவும் வளர்க்கிறார்கள். குட்டியாக இருக்கும்போதே நல்ல விலைக்குப் போய்விடுகிறது. 2018இல் சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவிய பின், முற்றிய ஆட்டையும் சீனர்கள் பெருமளவில் வாங்கினார்கள். அந்த ஆண்டுகளில் கடையில் எங்களைக் கோபித்துக்கொண்ட வாடிக்கையாளர்களுக்கு இதை நாங்கள் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளாட்டின் கதை வேறு. 1788இல் முதல் குடியேறிகளுடன் ஆஸ்திரேலியா சென்ற வெள்ளாடுகளில் பல காட்டில் திரிந்து பெருகின. அங்குள்ளவர்கள் அவற்றை அதிகம் உண்பதில்லை. பிடித்து ஏற்றுமதி செய்கிறார்கள், அமெரிக்கா பெரிய வாடிக்கையாளர். நாம் தேடும் வெள்ளாட்டுக்கு நியூயார்க்கில் உள்ளவரும் விலை கேட்கிறார்.

குர்பானி ஆடு

கறி உறைந்து வந்தாலும், ஹஜ்ஜுப் பெருநாளில் ஆடு உயிருடன் வந்தது. நம் பிள்ளைகளில் பலர் ஆட்டைத் தொட்டுப் பார்த்ததே அன்று பள்ளிவாசலில்தான். 2011க்குப் பின் ஆஸ்திரேலியா தன் கால்நடைகள் வெளிநாட்டில் நடத்தப்படும் விதத்துக்குக் கடும் விதிகள் கொண்டுவந்தது. குர்பானி கொடுக்கும் பள்ளிவாசல்கள் குறைந்தன. 2020இல் கோவிட் காரணமாக நம் குர்பானி ஆஸ்திரேலியாவிலேயே நிறைவேறி, இறைச்சி மட்டும் இங்கு வந்தது. அந்த ஆண்டு பங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, ஆடு எங்கே என்று மகள் கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. 2028 மே 1 முதல் செம்மறிகளைக் கப்பலில் உயிருடன் அனுப்புவதைத் தடைசெய்யும் சட்டத்தை ஆஸ்திரேலியா 2024இல் நிறைவேற்றிவிட்டது. விமான வழிக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் அதன் செலவு வேறு.

இனி செய்ய வேண்டியது

அல்ஹம்துலில்லாஹ், நம் தட்டில் கறி இருக்கிறது. ஆனால் அதன் விலையும் வரத்தும் நம் கையில் இல்லை. ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, குர்பானி எப்படி நடக்கும் என்பதைப் பெருநாளுக்கு முதல் மாதம் பேசாமல், இப்போதே சங்கத்தில் பேசத் தொடங்குவோம். மற்றொன்று, சந்தையில் கத்தி பிடித்த பெரியவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வோம், பழைய கணக்குப் புத்தகங்களை எடைக்குப் போடாமல் வைப்போம்.

எங்கள் கடையில் அத்தாவின் சொல்லைக் காப்பாற்றி வருகிறோம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் எந்த ஆடு, எந்த நாடு என்று சொல்லியே கறியை நிறுக்கிறோம். சங்கத்தின் நூற்றாண்டு மலரில் இந்தக் கதையை நம் பிள்ளைகள் தொடர்ந்து எழுதட்டும், இன்ஷா அல்லாஹ்.