அறைச் சாவி

இப்னு பதூதாவின் ரிஹ்லாவில் நான் அடிக்கடி திரும்பிச் செல்லும் இடம், அவர் எமது பாவா ஆதம் மலையில் ஏறிய பகுதியல்ல. அதற்கு முன்னர், கோழிக்கோட்டில் ஒரு கப்பல் அறைக்காக அவர் பட்ட பாடுதான்.

1340களின் தொடக்கம். முஹம்மத் பின் துக்ளக்கின் தூதராகச் சீனா செல்லப் புறப்பட்டவர், அங்கே சீனப் பெருங்கப்பல்களைக் காண்கிறார். நான்கு தளங்கள், ஆயிரம் பேர், மூங்கிற் பாய்கள், மலசலகூடத்துடன் கூடிய, சாவியிட்டுப் பூட்டத்தக்க அறைகள். மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் வளர்ந்தன. ஆனால் நல்ல அறைகளைச் சீன வணிகர்கள் முன்பே பிடித்துவிட்டார்கள். கிடைத்த அறையோ சிறியது. எனவே தம் அடிமைப் பெண்களையும் பொருட்களையும் ‘ககம்’ எனும் சிறிய கப்பலுக்கு மாற்றிவிட்டு, ஜும்ஆவுக்காகக் கரையில் தங்கினார்.

கடல் கொந்தளித்தது. ஒதுங்க இடமற்ற திறந்த கரையில் பெருங்கப்பல் மோதிச் சிதறியது. தூதுக்குழுவில் உடன் வந்தோர் மாண்டனர். இதைக் கண்ட ககத்தின் மாலுமிகள் பாயை விரித்துக் கடலுக்குள் விரைந்தார்கள். கரையில் நின்றவரிடம் எஞ்சியவை பத்துத் தீனார்களும் ஒரு விரிப்புமே.

வசதி தேடிய மனிதரை அந்த வசதியே காப்பாற்றியது என்று இதனைச் சிலர் வாசிக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடுக்கடலில் நிம்மதி தரும் பருத்த உடல், கரையோரப் புயலில் சுமையாகிறது. விலகியோட வல்ல சிறு கப்பல் பிழைக்கிறது. கப்பலின் குணம் அறையில் அல்ல, அது காற்றை எதிர்கொள்ளும் விதத்தில் இருக்கிறது.

அதற்காக, வசதியின்மையே கடலோடுந் திறனின் விலை என்றும் சொல்லிவிட முடியாது. 1183இல் ஐதாபிலிருந்து ஜித்தாவுக்குக் கயிற்றால் தைத்த கலத்தில் சென்ற இப்னு ஜுபைர், ஹாஜிகள் கூண்டுக் கோழிகள்போல் அடைக்கப்பட்டதைக் கண்டித்தார். அந்த நெருக்கடி வேகத்துக்காக அல்ல. ஒரே பயணத்தில் கலத்தின் விலையை மீட்க நினைத்த உரிமையாளரின் பேராசைக்காக.

1344இல் இலங்கையிலிருந்து மஃபர் கரைக்குச் சென்ற கலமும் தரைதட்டியபோது, இப்னு பதூதா தம்முடன் வந்தோரைக் கட்டுமரத்தில் அனுப்பிவிட்டு, விடியும்வரை கப்பலின் பின்புறத்தில் காத்திருந்தார். அங்கே அறையும் இல்லை, சாவியும் இல்லை.

ககத்தில் போனவர்களின் கதை அவரைப் பின்னர் எட்டியது. கருவுற்றிருந்த ஓர் அடிமைப் பெண் இறந்துவிட்டாள். மற்றவர்களைச் சுமாத்திரா மன்னன் கைப்பற்றிக்கொண்டான். கப்பல் தப்பியது, அவர்கள் தப்பவில்லை. கடல் வரலாற்றை எழுதும்போது நாம் பாயையும் அறையையும் அளக்கிறோம். அந்த அறைகளில் பூட்டப்பட்டிருந்தவர்களின் பெயர்களையும் தேடவேண்டாமா?