“எப்ப வந்த... எப்பக் கிளம்புற?” - வெளிநாட்டுல இருந்து ஊருக்கே திரும்புறவங்க கவனத்துக்கு!

கோம்பையில பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியை இழுத்துக்கிட்டு வீடு போய்ச் சேர்றதுக்குள்ள இந்தக் கேள்வியைக் குறைஞ்சது நாலு பேராவது கேட்டுருவாங்க. லீவுல வந்தா பதில் சுலபம். “இருபது நாள் லீவு மாமா, பத்தாம் தேதி கிளம்புறேன்.” இனிமே போகப்போறதில்லைனு முடிவு பண்ணி வந்தவருக்குத்தான் சிக்கல். உண்மையைச் சொன்னா அடுத்த கேள்வி ரெடியா இருக்கும். “ஏன்ப்பா, அங்க ஏதும் பிரச்னையா?”

துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போறதுக்கு யோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. திரும்பி வர்றவங்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. சொந்த ஊருக்கு வர்றதுக்கு என்ன யோசனை வேண்டிக்கிடக்குனு நினைக்கிறோம். ஆனா, வந்த மூணாவது மாசமே ‘தப்புப் பண்ணிட்டோமோ’னு ராத்திரி தூக்கம் வராம டிக்கெட் விலை பார்க்கிறவங்க உண்டு. இதுக்குப் பேரு ‘ரிவர்ஸ் கல்ச்சர் ஷாக்’.

இது நமக்கு மட்டும் வர்ற வியாதி இல்லை. அமெரிக்காவுக்குப் படிக்கப் போன நார்வேக்காரர்களை ஆராய்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட், 1955-ல் ஒரு வளைவைச் சொன்னார். புது நாட்டில் முதலில் குஷி, பிறகு ஒரு சரிவு, அப்புறம் மெதுவா மேலே ஏறுவது. ஆங்கில ‘யு’ எழுத்து மாதிரி. 1963-ல் குல்லாஹார்ன் தம்பதி, ஊர் திரும்பும்போதும் அதே சரிவு இன்னொரு தடவை வருதுனு சொல்லி, ‘யு’வை ‘டபிள்யூ’ ஆக்கினாங்க. எல்லோருக்கும் அச்சுப் பிசகாம இப்படித்தான் நடக்கும்னு இல்லை. ஆனா, மூணாவது மாசம் மனசு கீழே இறங்கினா, அதை முடிவு எடுக்கிற நேரமா வெச்சுக்காதீங்க.

ஊர் திரும்புறது தமிழர்களுக்குப் புதுசும் இல்லை. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டப்போ, இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. வந்தவங்களுக்கு அரசாங்கம் வெச்ச பேரு ‘தாயகம் திரும்பியோர்’. அவங்களில் பலர் அந்தத் தாயகத்தைக் கண்ணால பார்த்ததே இல்லை. நம்ம சிக்கல் நேரெதிர். ஊரை நல்லாத் தெரியும்னு நம்பி வர்றோம்.

வியன்னாவில் பிறந்து, நாஜிகளால் நியூயார்க்கில் போய் வாழ நேர்ந்த ஆல்ஃபிரட் ஷூட்ஸ், போரிலிருந்து வீடு திரும்பும் வீரர்களை மனசுல வெச்சு 1945-ல் ஒரு கட்டுரை எழுதினார். போனவர் தான் விட்டுட்டுப் போன வீட்டைத் தேடி வர்றார். வீட்ல இருக்கிறவங்க, அன்னைக்குக் கிளம்பிப்போன ஆளை எதிர்பார்க்கிறாங்க. அந்த ரெண்டுமே இப்போ இல்லை. அவர் காலத்துல கடிதம், நமக்கு வீடியோ கால். அக்கா மகள் சடங்கு, புது பைக், கொல்லைப்பக்கம் கட்டின ரூம் எல்லாம் போன்லயே தெரிஞ்சுடும். அப்பா ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறதும், அம்மாவுக்கு பஸ் போர்டு சரியாத் தெரியலைங்கிறதும் கூட இருந்தாத்தான் தெரியும்.

ஊரும் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்கலை. 2010 முடிவோட நின்னுபோன மதுரை - போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூன்ல போடி வரைக்கும் திரும்ப ஓட ஆரம்பிச்சாச்சு. அதே வருஷம் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. மலையும் காத்தும் அப்படியே இருக்கும்; மனுசங்களோட பழக்கவழக்கம் அப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது.

இதுல யாரும் வெளிப்படையாப் பேசாத விஷயம், பணம். வெளிநாட்டுல இருக்கிற வரைக்கும் நீங்க மாசம் பிறந்தா வந்து சேர்ற ஒரு தொகை. காதுகுத்து, கோயில் வரி, மச்சான் கடன் எல்லாத்துக்கும் உங்க பேரு முதல்ல வரும். சம்பளம் நின்னாலும் அந்த எதிர்பார்ப்பு உடனே நிக்காது. மறுக்கச் சங்கடப்பட்டே சேமிப்பைக் கரைச்சுட்டு மறுபடி விசா தேடுறவங்க இருக்காங்க. வந்த முதல் வாரமே, பெட்டியில இருக்கிற சாக்லேட்டு தீர்றதுக்குள்ள, கையில எவ்வளவு இருக்கு, எத்தனை மாசத்துக்கு வரும்னு வீட்டுக்குள்ள மட்டுமாவது பேசிடுங்க. முதல் வருஷம் ‘பிசினஸ்’ என்ற பேர்ல யாருக்கும் பெரிய தொகை எடுத்துக் கொடுக்காம இருக்கிறது நல்லது. மனைவிக்கு இது இன்னும் கஷ்டம். ஷார்ஜாவில் தனி ஃபிளாட்டில் அவங்க வெச்சதே சட்டமா இருந்திருக்கும். இங்கே மாமியார் வீட்டு அடுப்படி. அதையும் கணக்குல சேருங்க.

அடுத்து, தள்ளிப்போடக் கூடாத காகித வேலைகள். நிரந்தரமா திரும்பிட்டீங்கன்னா என்.ஆர்.இ கணக்கை அப்படியே ஓட்ட முடியாது. வங்கியில் சொல்லி, உள்ளூர்க் கணக்காகவோ ஆர்.எஃப்.சி எனும் வெளிநாட்டுப் பணக் கணக்காகவோ மாத்தணும். என்.ஆர்.இ வட்டிக்கு இருந்த வரிச்சலுகையும் நின்னுடும். அதேநேரம் ஒரு நல்ல செய்தி... முந்தைய 10 வருஷத்துல 9 வருஷம் நீங்க வரிக் கணக்குப்படி வெளிநாட்டுவாசியா இருந்தாலோ, முந்தைய 7 வருஷத்துல இந்தியாவில் இருந்தது மொத்தம் 729 நாளைத் தாண்டலைன்னாலோ, ‘ஆர்.என்.ஓ.ஆர்’ என்ற இடைநிலை கிடைக்கும். பெரும்பாலும் ரெண்டு நிதியாண்டு வரைக்கும், வெளிநாட்டில் வர்ற வருமானத்துக்குப் பொதுவா இங்கே வரி இல்லை. ஆடிட்டர்கிட்ட இந்த வார்த்தையைச் சொல்லிக் கேளுங்க.

டிரைவிங் லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டியிருந்தா, திரும்ப ஓட்டிக் காட்டணும். வளைகுடாவில் வலதுபக்கம் ஓட்டிப் பழகின கைக்கு அது நல்லதுதான். ஹெல்த் இன்ஷூரன்ஸைத் திரும்புறதுக்கு முன்னாடியே யோசிங்க. ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷர் மாதிரி நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 3 வருஷம் வரை இருக்கலாம். கம்பெனி கொடுத்த பாலிசி அங்கேயே நின்னுடும்.

குழந்தைகள் விஷயத்தை மட்டும் ‘அதுங்க பழகிக்கும்’னு விட்டுடாதீங்க. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் 10-ம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். அபுதாபியில் இந்தியும் அரபியும் படிச்ச பிள்ளை, இங்கே ஆறாம் வகுப்புல உட்கார்ந்து முதல்முறையா ‘ற’வுக்கும் ‘ர’வுக்கும் வித்தியாசம் தேடும். ஊர்ல எல்லோர்கிட்டயும் தமிழ்லதான் பேசுது, அதனால படிக்கவும் தெரியும்னு டீச்சர் நினைச்சுப்பாங்க. சேர்க்கும்போதே சொல்லிடுங்க. திரும்புறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே எழுத்துக்கூட்ட ஆரம்பிக்கலாம். வந்த பிறகு பாடம் நடத்த நம்ம ஊர் பஸ் போர்டே போதும். போடியில ஆரம்பிச்சு, தேவாரம், பண்ணைப்புரம்னு போய், உத்தமபாளையத்தைக் கடைசிக்கு வெச்சுக்கோங்க.