விரைவும் குறியும்: அமெரிக்கச் சிறுதோட்டாக்களின் வரலாறு

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் குடியானவர்களுக்கு நெடுநாளாகத் தொல்லை கொடுத்துவரும் பிராணிகளுள் ஒன்று உட்சக். அணில் இனத்தைச் சேர்ந்ததாயினும் மரத்தில் வாழ்வதன்று. பருத்த பூனையின் அளவினது. அவரை, தீவனப்புல் முதலியவற்றைத் தின்பதோடு நில்லாமல் வயல் நடுவே வளை தோண்டும். அவ்வளையில் குதிரையின் கால் இடறும். அறுவடைப் பொறியின் சக்கரம் இறங்கும். 1883ஆம் ஆண்டில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டமன்றம் இப்பிராணியைப் பற்றி ஆராயத் தனிக்குழு ஒன்றையே அமைத்தது. கொல்லப்படும் ஒவ்வோர் உட்சக்குக்கும் 10 சென்ட் வெகுமதி என்று ஏற்பாடாயிற்று. மேற்குச் சமவெளிகளிலோ, கூட்டங்கூட்டமாய் வளை அமைத்து வாழும் பிரேரி நாய்—பெயர் நாயாயினும் அதுவும் அணில் இனமே—மாட்டுப் பண்ணையாரின் பகையாயிற்று. இத்தகைய பிராணிகளை அந்நாட்டார் ‘வார்மிண்ட்’ என்பர். ‘வெர்மின்’ என்னும் சொல்லின் நாட்டுப்புற மரூஉ அது.

இவற்றைச் சுடுவது மான் வேட்டையைப் போன்றதன்று. ஆள் நெருங்கினால் வளைக்குள் மறைந்துவிடும். ஆகவே 200, 300 கஜத்துக்கு அப்பாலிருந்து, மூன்று நான்கு அங்குல அகலமே உள்ள உயிர்நிலையைக் குறிபார்க்க வேண்டும். குறி சற்றே தவறினால் காயம்பட்ட பிராணி வளைக்குள் ஊர்ந்து சென்று வதைபட்டுச் சாகும். சுற்றிலுமோ பண்ணை வீடுகளும் கறவை மாடுகளும். மான் வேட்டைக்கான கனத்த குண்டு கல்லிலோ இறுகிய மண்ணிலோ பட்டால் தெறித்து நெடுந்தூரம் பாயும். மெல்லிய உறையும் மிகுந்த வேகமும் உடைய சிறுகுண்டோ மண்ணைத் தொட்ட மாத்திரத்தில் சிதறிப்போகும். எனவே, எந்தத் தோட்டாவைத் தேர்வது என்பது பொழுதுபோக்கினரின் வீண் விவாதமன்று. அயலாரின் உயிரும் அதில் அடங்கியிருந்தது.

1885இல் தோன்றிய, கரும்மருந்து அடைத்த .22 வின்செஸ்டர் தோட்டாவிலிருந்து இவ்வரலாறு தொடங்குகிறது. 1920களில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு படைக்கலச் சாலையைச் சார்ந்த டவுன்சென்ட் வீலன், வோட்கின்ஸ் முதலியோர் அதன் பித்தளைக் கூட்டில் புகையில்லா மருந்தை நிரப்பிச் சோதித்தனர். விளைந்தது ‘ஹார்னெட்’, அதாவது குளவி. 1930இல் வின்செஸ்டர் கம்பெனி இத்தோட்டாவை விற்கத் தொடங்கியபோது, இதைச் சுடுதற்கென எந்தத் தொழிற்சாலையும் துப்பாக்கி செய்திருக்கவில்லை! ஆர்வலர் தாமே பழைய துப்பாக்கிகளை மாற்றியமைத்துக் கொண்டனர். அதன் குண்டு 45 கிரெயின். ஓர் இராத்தலுக்கு 7,000 கிரெயின் என்பதை நினைத்தால் அதன் நொய்ம்மை விளங்கும். ஓசையும் அடங்கியது. ஆனால் அதன் ஆற்றல் 200 கஜத்துக்குள் ஒடுங்கிவிட்டது.

அதனால் விரைவு வேட்கை பிறந்தது. 1935இல் வின்செஸ்டர் வெளியிட்ட .220 ஸ்விப்ட், 48 கிரெயின் குண்டை விநாடிக்கு 4,110 அடி வேகத்தில் செலுத்தியது. தொழிற்சாலைத் தோட்டா ஒன்று 4,000 அடியைக் கடந்தது அதுவே முதன்முறை. அவ்வேகத்தின் பயனை எளிய கணக்கால் அறியலாம். 300 கஜத்தைக் கடக்க ஹார்னெட் குண்டுக்கு ஏறத்தாழ அரை விநாடி செல்லும். ஸ்விப்ட் குண்டுக்குக் கால் விநாடியினும் சற்றே மிகுதி. விழும் பொருள் கடக்கும் தூரம் காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், முன்னது குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 4 அடி தாழ்கையில் பின்னது 1¼ அடி அளவே தாழும். தூரத்தைக் கண்ணளவால் மதிப்பிடுவோன் 30 கஜம் பிழைத்தாலும் ஸ்விப்ட் அவனை மன்னித்துவிடும்; ஹார்னெட் மன்னிக்காது. விழுதல் விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஆயினும் வேகத்துக்கு விலை உண்டு. மிகுதியான மருந்தின் கொதிவாயு, குழலின் தொண்டைப் பகுதியை விரைவில் அரித்தது. அரித்த குழலில் குறி நில்லாது. பிரேரி நாய்க் கூட்டத்தைக் கண்டவன், குழல் ஆறும்வரை பொறுத்திருப்பதில்லை. அதனால் அரிப்பு இன்னும் விரைந்தது. வின்செஸ்டர் துருப்பிடியாத எஃகில் குழல் செய்து பார்த்தும் பழிச்சொல் முற்றும் நீங்கவில்லை. ஸ்விப்டின் குறைகள் மிகைப்படுத்தப்பட்டன என்பாரும் உளர்; மெதுவாகச் சுட்டுக் குழலைப் பேணியவர் கையில் அது நெடுநாள் உழைத்தது உண்மையே.

மாற்றுவழி 1950இல் வந்தது. ரெமிங்டன் கம்பெனியின் மைக் வாக்கர் பொறியாளர். அதனோடு, மேசைமீது துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடும் குறிப்போட்டிகளில் பங்குகொண்டவரும் ஆவார். அவர் பழைய கூடு எதனையும் திருத்தாமல் .222 ரெமிங்டனைப் புதிதாகவே வரைந்தார். அதன் 50 கிரெயின் குண்டின் வேகம் விநாடிக்கு 3,200 அடியளவு. ஸ்விப்டினும் ஏறக்குறைய 900 அடி குறைவு. எனினும் ஒரு குண்டு விழுந்த இடத்திலேயே அடுத்ததும் விழுமாறு செய்வதில் அதற்கு நிகர் அரிதாயிருந்தது. குறிப்போட்டிகளில் கால் நூற்றாண்டு அளவுக்கு அதுவே ஓங்கி நின்றது. 250 கஜத்துக்குள் சுடும் உழவனுக்கு அதனினும் மிகுந்த வேகம் தேவையாயிருக்கவில்லை. குழலும் நீடித்தது, மருந்துச் செலவும் சிறிது. நியாயமாய்ப் பார்த்தால் இத்தோட்டாவே இவ்வரலாற்றின் நடுநாயகம்.

அதற்கும் அப்பாலுள்ள தூரத்துக்கு இருவேறு விடைகள் எழுந்தன. ஒன்று .22-250. 1915ஆம் ஆண்டின் .250 சேவேஜ் தோட்டாவின் கூட்டை .22 அளவுக்கு ஒடுக்கி, ஆர்வலர் 1930களில் தம் பட்டறைகளிலேயே ஆக்கியது இது. வேகத்தில் ஸ்விப்டுக்குச் சற்றே பின்தங்கியது. தொழிற்சாலைகள் முப்பதாண்டுக் காலம் இதைப் பாராமுகமாய் விட்டிருந்தன. 1965இல்தான் ரெமிங்டன் தன் பெயரால் ஏற்றுக்கொண்டது.

மற்றொன்று, குண்டையே சற்றுப் பெரிதாக்குவது. நெடுந்தூரத்தில் குறியைக் கெடுப்பது விழுதலைவிடக் காற்றே. விழுதலைக் கணக்கிடலாம், மாறிமாறி வீசும் குறுக்குக் காற்றைக் கணக்கிடுவது எளிதன்று. நீண்ட, கனத்த குண்டு காற்றுக்குக் குறைவாகவே விலகும். ஆனால் குண்டு நீள நீள, அது தலைகுப்புறாமல் பறக்க மிகுதியாய்ச் சுழல வேண்டும். உல்விச் படைப்பயிற்சிக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் கிரீன்ஹில் 1879இலேயே இதற்குச் சூத்திரம் வகுத்திருந்தார்.

1955இல் இரு கம்பெனிகளும் 6 மில்லிமீட்டர் குண்டுத் தோட்டாக்களை வெளியிட்டன. வின்செஸ்டரின் .243, குழலில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றுடையது. 80 கிரெயின் குண்டால் உட்சக்கும் 100 கிரெயின் குண்டால் மானும் சுடலாம். ரெமிங்டனின் .244, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றே உடையது. பயிர்ப்பகைப் பிராணிகளுக்கான 75, 90 கிரெயின் குண்டுகளுக்கு அதுவே போதும் என்பது செய்தோர் கருத்து. வார்மிண்ட் வேட்டை ஒன்றையே எண்ணினால் அவர்கள் சொன்னது தவறன்று. ஆனால் துப்பாக்கி வாங்குவோன் ஒரு துப்பாக்கிக்கே பணம் வைத்திருந்தான். மானையும் அதே துப்பாக்கியால் சுட விரும்பினான். .243 பரவிற்று; .244 கடையிலேயே தங்கிற்று. ரெமிங்டன் பிற்பாடு சுற்றை 9 அங்குலத்துக்கு ஒன்றாக்கி, 1963இல் ‘6 மில்லிமீட்டர் ரெமிங்டன்’ என்று பெயரையும் மாற்றியது. கூடு பழைய கூடுதான். வின்செஸ்டரினும் சற்று மிகுதியாக மருந்து கொள்ளும் கூடு அது. ஆயினும் விட்டுப்போன வாங்குவோரை அதனால் மீட்க இயலவில்லை.